ஒரு கவுண்டிக்கு ஒரே இடம்: டெக்சஸ் தபால் வாக்குச் சண்டையில் கணக்கு எங்கே இடிக்கிறது

கேள்வி: அமெரிக்காவில் தபால் வாக்கை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும் இடங்களைக் குறைத்து மக்களின் வாக்குரிமையைப் பறிக்கிறார்கள் என்று ஒரு தரப்பு சொல்கிறது. கள்ள ஓட்டைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. டெக்சஸில் உண்மையில் நடந்தது என்ன? இடம் குறைந்தால் ஓட்டும் குறையுமா? ஹூஸ்டனில் இருக்கும் 70 வயதுப் பெற்றோர் தபால் வாக்குப் போட எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்:

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். டெக்சஸில் 2020இல் நடந்த சண்டை பெட்டியைப் பற்றியதே இல்லை. செய்திகளில் 'ட்ராப் பாக்ஸ்' என்று வந்ததால், தெருமுனையில் ஆளில்லாமல் நிற்கும் இரும்புப் பெட்டியைத்தான் எல்லோரும் மனதில் வைத்துப் பேசினார்கள். ஹூஸ்டனில் இருந்தது ஒரு மேசையும் அதன் பின்னால் ஒரு கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஊழியரும்தான். வாக்காளர் தன் உறையோடு நேரில் வர வேண்டும். அடையாள அட்டையைக் காட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் உறையைக் கொடுக்க முடியும். கணவரின் உறையை மனைவி கொண்டுவந்தால் வாங்க மாட்டார்கள். அவரே வர வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் வாதங்களில் எது நிற்கும், எது சரியும் என்பது புரிந்துவிடும்.

டெக்சஸில் தபால் வாக்கு எல்லோருக்கும் கிடையாது. 65 வயதானவர்கள், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், வாக்குப்பதிவு நாட்களில் கவுண்டியை விட்டு வெளியே இருப்பவர்கள், வாக்குரிமை இழக்காமல் சிறையில் இருப்பவர்கள் என்று வகை பிரித்துத்தான் தருகிறார்கள். (பிரசவ காலத்தில் இருக்கும் பெண்களுக்கான தனிப்பிரிவு 2021இல்தான் வந்தது.) கொரோனா பயம் மட்டும் போதாது, நோய் எதிர்ப்பு இல்லாததை 'மாற்றுத்திறன்' என்று எடுத்துக்கொள்ள முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2020 மே மாதத்தில் சொல்லிவிட்டது. ஆகவே இந்தச் சர்ச்சையில் வரும் வாக்காளர் என்றால் பெரும்பாலும் மூத்த குடிமக்கள், உடம்புக்கு முடியாதவர்கள். நடக்கச் சிரமம் என்றுதான் தபால் வாக்கே கேட்டிருக்கிறார்கள். அவர்களைத்தான் 'நேரில் வா, அட்டையைக் காட்டு' என்கிறது சட்டம். இந்த முரண் 2020இல் முளைத்ததல்ல, பழைய சட்டத்திலேயே இருப்பது.

பழைய சட்டப்படி, நிரப்பிய வாக்குச்சீட்டை நேரில் கொடுக்க ஒரே ஒரு நாள்தான் உண்டு. அது தேர்தல் நாள். கொரோனா காலத்தில் ஆளுநர் கிரெக் அபாட் 2020 ஜூலை 27 அன்று இதைத் தளர்த்தினார். (அங்கே ஆளுநர் என்பவர் நம்மூர் ஆளுநர் மாதிரி டெல்லி அனுப்பிவைப்பவர் இல்லை, மக்கள் தேர்ந்தெடுப்பவர், நம்மூர் முதல்வருக்குச் சமம்.) அந்த அறிவிப்பில் இரண்டு சலுகைகள் இருந்தன. முன்கூட்டிய நேரடி வாக்குப்பதிவு அக்டோபர் 19க்குப் பதிலாக 13ஆம் தேதியே தொடங்கும். தபால் வாக்கைத் தேர்தல் நாளுக்கு முன்னாலும் கிளார்க் அலுவலகத்தில், அதாவது கவுண்டியின் தேர்தல் அதிகாரி அலுவலகத்தில், நேரில் கொடுக்கலாம்.

'கிளார்க் அலுவலகம்' என்ற சொல்லில்தான் சிக்கல் பிறந்தது. ஹூஸ்டனை உள்ளடக்கிய ஹாரிஸ் கவுண்டியில் கிளார்க்கின் தலைமை அலுவலகம் ஒன்று, கிளை அலுவலகங்கள் பதினொன்று. பன்னிரண்டிலும் வாங்குகிறோம் என்றது கவுண்டி. ஆஸ்டின் நகரம் இருக்கும் டிராவிஸ் கவுண்டி நான்கு இடங்களைத் திறந்தது. கிளைகளில் வாங்குவதற்குச் சட்டம் இடம் தருகிறது என்றுதான் மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் தரப்பும் வேறொரு வழக்கில் செப்டம்பர் 30 அன்று மாநில உச்ச நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்தது. மறுநாள், அக்டோபர் 1 அன்று, ஆளுநரிடமிருந்து புதிய ஆணை வந்தது. கவுண்டிக்கு ஒரே இடம். அங்கே கட்சிகளின் கண்காணிப்பாளர்களை, அதாவது நம்மூர் பேச்சில் பூத் ஏஜென்டுகளை, அனுமதிக்க வேண்டும். ஹாரிஸில் பன்னிரண்டு போய் ஒன்று மிஞ்சியது. அது ஹூஸ்டனின் தெற்குப் பக்கம், ஆஸ்ட்ரோடோம் அருகே இருக்கும் என்ஆர்ஜி அரீனா.

இனி கணக்கைப் பார்க்கலாம். டெக்சஸில் 254 கவுண்டிகள். மேற்குக் கோடியில் லவிங் என்று ஒரு கவுண்டி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 64 பேர். அதற்கும் ஒரு இடம். ஹாரிஸ் கவுண்டியில் 47 லட்சம் மக்கள், அப்போது 24 லட்சத்துக்கு மேல் பதிவு பெற்ற வாக்காளர்கள். பரப்பளவில் ரோட் ஐலண்ட் என்ற மாநிலத்தையே விடப் பெரியது. அதற்கும் ஒரு இடம்தான். வடகிழக்கு மூலையில் இருக்கும் கிங்வுட்டிலிருந்து அரீனாவுக்கு 30 மைலுக்கு மேல் கார் ஓட்ட வேண்டும், திரும்பி வர அதே அளவு. 'எல்லாக் கவுண்டிக்கும் ஒரே விதி' என்று கேட்கும்போது சமத்துவமாகத்தான் தெரிகிறது. வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் என்று சொல்லிவிட்டு, இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கும் இருபது பேர் இருக்கும் வீட்டுக்கும் ஒரே குடத்தை நீட்டுகிற சமத்துவம் அது. கவுண்டி என்பது நிர்வாக வசதிக்காக வரைந்த கோடு. வாக்காளர் எண்ணிக்கையை அளக்க அது உதவாது. இந்த விவாதம் முழுவதிலும் என் கருத்து இதுதான்: விதியை மக்கள்தொகைக்குக் கட்டாமல் கவுண்டிக்குக் கட்டும்போது அதன் சுமை முழுக்க நகரங்களின் தலையில்தான் விழும், எழுதியவர் என்ன நோக்கத்தில் எழுதினார் என்பதைத் தோண்டவே வேண்டியதில்லை.

வழக்குகள் உடனே பறந்தன. அக்டோபர் 9 அன்று ஆஸ்டினில் இருந்த கூட்டாட்சி மாவட்ட நீதிபதி ராபர்ட் பிட்மன் ஆளுநரின் ஆணைக்குத் தடை விதித்தார். 12ஆம் தேதி டெக்சஸ் உள்ளிட்ட சில மாநிலங்களுக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ('ஐந்தாவது சர்க்யூட்') அந்தத் தடையை நிறுத்திவைத்தது. 15ஆம் தேதி மாநில மாவட்ட நீதிமன்றம் ஒன்று ஆணைக்கு எதிராகத் தடை தந்தது. 23ஆம் தேதி மாநில மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. 27ஆம் தேதி மாநில உச்ச நீதிமன்றம் இரண்டையும் தள்ளிவிட்டு ஆளுநரின் ஆணை செல்லும் என்றது. தேர்தல் நவம்பர் 3. பதினெட்டே நாட்களுக்குள் ஐந்து உத்தரவுகள். மேல்முறையீடு நிலுவையில் இருந்ததால் நடைமுறையில் பெரும்பாலும் ஒரே இடம்தான் இயங்கியது. ஆனால் செய்தியில் 'தடை' என்று படித்துவிட்டு மூடிய கிளை அலுவலகத்துக்கு உறையோடு கிளம்பும் ஆபத்து கடைசி வாரம் வரை தொங்கியது.

அரசுத் தரப்பு மூன்று வாதங்களை வைத்தது. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எடை ஒன்றுபோல இல்லை.

பாதுகாப்பு என்பது முதல் வாதம். சட்டவிரோத வாக்களிப்பைத் தடுக்கவே இந்த ஆணை என்றார் ஆளுநர். எனக்கு மிகவும் பலவீனமாகத் தெரிவது இதுதான். பன்னிரண்டு இடத்திலும் நடந்தது அதே அடையாளச் சோதனை, அதே பதிவேடு, அதே அரசு ஊழியர். பதினோரு மேசைகளை எடுத்ததால் பன்னிரண்டாவது மேசையில் சோதனை கூடிவிடவில்லை. கட்சிக் கண்காணிப்பாளர் இல்லாதது குறை என்றால், அதே ஆணையின் இன்னொரு வரி அதைச் சரிசெய்துவிட்டது. கண்காணிப்பாளர்களைப் பன்னிரண்டு இடத்திலும் உட்காரவைத்திருக்கலாம். இந்த மேசைகளில் கொடுக்காத உறை எங்கே போகும் என்பதையும் யோசிக்க வேண்டும். தெருவோரத் தபால் பெட்டிக்குப் போகும். அங்கே அட்டையைக் கேட்க ஆளில்லை.

சீர்மை என்பது இரண்டாவது வாதம். பெரும்பாலான கவுண்டிகளில் ஏற்கெனவே ஓரிடம்தான், சிலர் மட்டும் பல இடம் வைப்பது பாரபட்சம் என்றார்கள். இதற்கான பதிலை மேலே கணக்காகவே சொல்லிவிட்டேன்.

மூன்றாவது வாதம் உண்மையிலேயே கனமானது. சட்டம் கொடுத்தது ஒரு நாள். ஜூலை, அக்டோபர் ஆணைகளைச் சேர்த்துப் படித்தால் வாக்காளருக்குக் கிடைத்தது பல வாரங்கள். கொடுத்த சலுகையில் ஒரு பகுதியைச் சுருக்குவது சட்டம் தந்த உரிமையைப் பறிப்பதாகாது. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் மாநில உச்ச நீதிமன்றமும் இந்தப் பாதையில்தான் போயின. தேர்தல் நெருங்கும் நேரத்தில் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விதியை மாற்றக் கூடாது என்ற, 2006ஆம் ஆண்டு பர்செல் வழக்கிலிருந்து வரும் கோட்பாடும் சேர்ந்துகொண்டது. அந்தக் கோட்பாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னால் விதியை மாற்றியது ஆளுநர். ஆனால் கை கட்டப்பட்டது, அதைத் திருத்த வந்த நீதிபதிக்கு.

எதிர்த்தரப்பும் அளவுக்கு மீறித்தான் பேசியது. 2020இல் டெக்சஸில் வாக்களித்தவர்களில் பத்தில் சுமார் ஒன்பது பேர் நேரில் போனவர்கள். அவர்களை இந்த ஆணை தொடவில்லை. அந்த ஆண்டு பதிவு பெற்ற வாக்காளர்களில் சுமார் 66 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். டெக்சஸுக்கு அது 1992க்குப் பிறகு காணாத உயரம். 'அப்படியானால் பாதிப்பே இல்லை' என்று இதை வைத்து வாதிடுவதும் தவறு. வெள்ளம் வந்த வருஷம் குளம் நிரம்பியது என்பதற்காக மதகில் அடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. வாஷிங்டன் மாநிலத்தின் கிங், பியர்ஸ் கவுண்டிகளில் பெட்டிக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தை வைத்துச் செய்த ஆய்வுகள், தூரம் குறைந்தால் வாக்களிப்பு கொஞ்சம் கூடுகிறது என்றன. கொஞ்சம்தான். பெட்டி வைத்தால் புரட்சி வராது, எடுத்தால் ஜனநாயகம் சாகாது. ஆனால் சில ஆயிரம் வாக்குகளில் முடிவாகும் தேர்தலில் அந்தக் கொஞ்சம் பெரிசு.

சரி, தபாலில் போடலாமே, நேரில் கொடுத்தே ஆக வேண்டும் என்று என்ன கட்டாயம்? காலண்டரை எடுத்து வைத்துப் பாருங்கள். டெக்சஸில் தபால் வாக்கு விண்ணப்பம் தேர்தலுக்கு 11 நாள் முன்னால் வரை வந்து சேரலாம். 2020இல் அது அக்டோபர் 23. விண்ணப்பத்தை ஏற்ற பிறகு வாக்குச்சீட்டை அனுப்பக் கவுண்டிக்கு 7 நாள் அவகாசம். ஆக, அக்டோபர் 30 வெள்ளிக்கிழமை அனுப்பினாலும் சட்டப்படி சரியே. அது திங்கட்கிழமை வீட்டுக்கு வரும். செவ்வாய்க்கிழமை தேர்தல். செவ்வாய் இரவு 7 மணிக்குள் திரும்பிச் சேர வேண்டும்; அதற்குள் தபால் முத்திரை விழுந்திருந்தால் புதன் மாலை 5 மணி வரை ஏற்பார்கள். தபால் துறையோ, கடைசி நாளுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னால் போடுங்கள் என்கிறது. மாநிலச் சட்டங்களின் தேதிகளும் எங்கள் வேகமும் ஒத்துப்போகவில்லை என்று 2020 கோடையிலேயே அந்தத் துறை மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி எச்சரித்தது. யாரும் ஒரு தப்பும் செய்யாமலேயே ஒரு வாக்கு வீணாகிவிடும் இடம் இது. நேரில் கொடுக்கும் மேசை அதற்கான வடிகால்.

வடிகால் ஒன்றே ஒன்று என்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு மனக்கணக்கு. அட்டையைப் பார்த்து, பெயரைத் தேடி, கையெழுத்து வாங்க ஒருவருக்கு 3 நிமிடம் என்று வையுங்கள். எட்டு மேசை போட்டால் ஒரு மணி நேரத்தில் 160 பேர், 12 மணி நேரத்தில் 1,920 பேர். வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் 65 தாண்டியவர்கள். உட்கார நாற்காலி, நிழல், சக்கர நாற்காலிக்கு வழி, கழிப்பறை எல்லாம் வேண்டும். கடைசி இரண்டு மணி நேரத்தில் கூட்டம் எப்போதும் குவியும், மேசையைக் கூட்டினாலும் வாகன நிறுத்தம் கூடாது. எட்டு மேசையையும் நாலு இடமாகப் பிரித்திருந்தால் ஊழியர் எண்ணிக்கை அதேதான், ஆனால் சாலை நெரிசல் நாலாகப் பிரிந்திருக்கும்.

இதெல்லாம் 2020 கதை. அதற்குப் பிறகு வந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஆனால் அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. 2021 செப்டம்பரில் கையெழுத்தான எஸ்.பி. 1 (செனட் மசோதா 1) சட்டம், நேரில் கொடுக்கும் வாக்குச்சீட்டைத் தேர்தல் அதிகாரி ஒருவர் அந்த நேரத்திலேயே கையில் வாங்கிப் பதிய வேண்டும் என்று எழுதிவிட்டது. அதாவது ஆளில்லாப் பெட்டிக்கு இடமே இல்லை. கொரோனாத் தளர்வும் முடிந்ததால் நேரில் கொடுப்பது பழையபடி தேர்தல் நாளுக்கு மட்டும். 2020இல் ஹாரிஸ் கவுண்டி நடத்திய காரில் இருந்தபடியே வாக்களிக்கும் மையங்களுக்கும் 24 மணி நேர வாக்குப்பதிவுக்கும் இதே சட்டம் முடிவு கட்டியது. அந்தக் கார் மையங்களில் விழுந்த சுமார் 1,27,000 வாக்குகளையே தள்ளிவிடச் சொல்லித் தேர்தலுக்கு முந்தைய நாள் வரை வழக்கு நடந்தது. வழக்குப் போட்டவர்களுக்கு அதற்கான சட்டத் தகுதி இல்லை என்று கூட்டாட்சி நீதிபதி தள்ளுபடி செய்ததால் அவை தப்பின.

எஸ்.பி. 1 செய்த பெரிய மாற்றம் உறைக்குள் இருக்கிறது. வாக்குச்சீட்டை முதலில் இரகசிய உறைக்குள் வைத்து, அதை வெளியுறைக்குள் வைத்து ஒட்டுவார்கள். வெளியுறையின் மூடி மடிப்புக்கு அடியில் புதிதாக ஒரு கட்டம் வந்தது. ஓட்டுநர் உரிம எண் அல்லது சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் எழுத வேண்டும். அது வாக்காளர் பதிவில் இருக்கும் எண்ணோடு பொருந்த வேண்டும். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்தவருக்கு, எந்த எண்ணைக் கொடுத்தோம் என்று எப்படி நினைவிருக்கும்? பலர் மடிப்புக்குக் கீழே கட்டம் இருப்பதையே பார்க்கவில்லை. எண்ணை மறைத்துப் பாதுகாக்க அப்படி வைத்தார்கள். மறைந்தது வாக்காளருக்கும் சேர்த்துத்தான். கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 2022 மார்ச்சில் நடந்த 'பிரைமரி' தேர்தலில் மாநிலம் முழுக்க 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தபால் வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. வந்தவற்றில் சுமார் 12 சதவீதம். முன்பெல்லாம் இது ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். விளம்பரமும் திருத்தும் வசதியும் கூடிய பிறகு அதே ஆண்டு நவம்பரில் 3 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. மேசைகளைக் குறைத்ததால் எத்தனை வாக்கு விழாமல் போயின என்று எண்ண வழியில்லை. இந்தக் கட்டத்தால் போன வாக்குகளுக்கோ எண்ணிக்கையே இருக்கிறது. ஆனால் போராட்டப் பதாகைகளில் வந்தது மேசைதான்.

மற்ற மாநிலங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓஹையோ 2023இல் கவுண்டிக்கு ஒரே பெட்டி என்று சட்டமே ஆக்கியது. கொலம்பஸ் நகரம் இருக்கும் ஃபிராங்க்ளின் கவுண்டியில் 13 லட்சம் பேர், வின்டன் கவுண்டியில் சுமார் 13 ஆயிரம் பேர், இரண்டுக்கும் ஒன்று. ஃபுளோரிடா 2021இல் பெட்டிக்குப் பக்கத்தில் ஊழியர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்றது; மீறினால் தேர்தல் அதிகாரிக்கு 25,000 டாலர் அபராதம். விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 2022இல் பெட்டி சட்டவிரோதம் என்று 4-3 என்ற கணக்கில் சொல்லி, நீதிபதிகள் மாறிய பிறகு 2024இல் அதே 4-3இல் சட்டப்படிதான் என்றது. அந்த ஆண்டு அங்கே வாசாவ் என்ற ஊரின் மேயர் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு நகர மன்ற வாசலில் இருந்த பெட்டியைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு போனார்.

ஜார்ஜியாவைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும், இரண்டு தரப்பும் பாதி உண்மை சொல்லும் இடம் அது. 2020க்கு முன் அந்த மாநிலச் சட்டத்தில் பெட்டியே கிடையாது. கொரோனாவுக்காக அவசர விதியில் வந்தது. 2021இன் எஸ்.பி. 202 சட்டம் 159 கவுண்டியிலும் குறைந்தது ஒரு பெட்டி கட்டாயம் என்றது. கிராமப்புறக் கவுண்டிகள் சிலவற்றுக்கு இது லாபம். ஆனால் கூடுதல் பெட்டி வைக்க ஒரு லட்சம் வாக்காளருக்கு ஒன்று அல்லது முன்கூட்டிய வாக்குப்பதிவு மையங்களின் எண்ணிக்கை, இரண்டில் எது குறைவோ அதுதான் உச்சவரம்பு. அதுவும் கட்டடத்துக்குள், மையம் திறந்திருக்கும் நேரத்தில் மட்டும். அட்லாண்டாவைச் சுற்றிய நான்கு பெரிய கவுண்டிகளில் நூறுக்கும் மேல் இருந்த பெட்டிகள் சுமார் 25 ஆயின. பகல் வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வருபவருக்கு, பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் பெட்டி இல்லாததற்குச் சமம்.

பெட்டியை ஒழுங்காக நடத்த முடியுமா என்றால், முடியும். வாஷிங்டன் மாநிலம் வருஷக்கணக்கில் நடத்துகிறது. அங்கே 15,000 வாக்காளருக்கு ஒரு பெட்டி என்று சட்டமே அளவு வைத்திருக்கிறது. கவுண்டிக் கோட்டை வைத்து அளக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கூட்டாட்சி வழிகாட்டுதலும் 15,000 முதல் 20,000க்கு ஒன்று என்றுதான் சொன்னது. நிரந்தர இரும்புப் பெட்டி ஒன்றுக்கு 2020 விலையில் சுமார் 6,000 டாலர். கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கிய கனமான எஃகு, உறை மட்டும் நுழையும் மெல்லிய வாய், கேமரா. திறக்க எப்போதும் இரண்டு பேர். பழைய சீல் எண்ணைக் குறித்து, உடைத்து, உறைகளைப் பையில் மாற்றி, புதிய சீல் எண்ணையும் நேரத்தையும் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும்.

சொதப்பல் பெரும்பாலும் இந்தக் காகிதத்தில்தான் வருகிறது. அட்லாண்டாவின் ஃபுல்டன் கவுண்டியில் 2020 தேர்தலின் கைமாற்றுப் படிவங்களில் சில காணவில்லை என்று பிறகு கவுண்டியே ஒப்புக்கொண்டது. படிவம் போனதால் வாக்கு பொய்யாகிவிடாது. ஆனால் 'நடுவில் யார் கையில் இருந்தது' என்று கேட்பவருக்குப் பதில் இல்லாமல் போகிறது. கடைசி வார இறுதியில் பெட்டி நிரம்பி வாயில் உறை துருத்திக்கொண்டு நிற்பது இன்னொரு தலைவலி. அப்போது யார் வேண்டுமானாலும் உருவிவிடலாம். நாளுக்கு ஒருமுறை காலி செய்வது போதாது, கடைசி மூன்று நாள் இரண்டு மூன்று முறை போக வேண்டும். தீ வைப்பும் நடந்திருக்கிறது. 2024 அக்டோபர் 28 அன்று ஆரிகனின் போர்ட்லண்டிலும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாஷிங்டனின் வான்கூவரிலும் பெட்டிகளுக்குத் தீ வைத்தார்கள். போர்ட்லண்டில் பெட்டிக்குள் இருந்த தீயணைப்புப் பொடி வேலை செய்ததால் மூன்று வாக்குச்சீட்டுகள்தான் சேதம். வான்கூவரில் அது சரியாக வேலை செய்யாததால் நூற்றுக்கணக்கானவை கருகின. மறுவாக்குச்சீட்டு அனுப்ப யாருடையவை என்று அடையாளம் காண வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட ஆபத்துகள் நிஜம். ஆனால் 2020 தேர்தலைப் பற்றி அசோசியேட்டட் பிரஸ் மாநிலத் தேர்தல் அதிகாரிகளிடம் விசாரித்தபோது, முடிவை மாற்றக்கூடிய அளவில் பெட்டி வழியாக மோசடியோ திருட்டோ நடந்ததாக ஒரு மாநிலமும் சொல்லவில்லை.

கடைசியாக, ஹூஸ்டன் பெற்றோர் விஷயம். குடியுரிமை பெற்றவர்கள் மட்டும்தான் வாக்களிக்கலாம். கிரீன் கார்டில் இருக்கும் அம்மா அப்பாவைத் தெரியாமல்கூடப் பதிவு செய்துவிடாதீர்கள், குடிவரவில் பெரிய வில்லங்கமாகும். பதிவுக்குக் கடைசி நாள் தேர்தலுக்கு 30 நாள் முன். தபால் வாக்கு விண்ணப்பத்தை ஒவ்வொரு ஆண்டும் புதிதாகத் தர வேண்டும், ஜனவரி 1 முதல் கொடுக்கலாம். 65 வயதுக் காரணத்தைக் குறித்து 'ஆண்டு முழுவதும்' என்று கேட்டால் அந்த ஆண்டின் தேர்தல்களுக்கு ஒரே விண்ணப்பம் போதும். ஜனவரியிலேயே முடித்துவிடுங்கள், மேலே சொன்ன காலண்டர் சிக்கல் முழுசும் அப்போதே கழன்றுவிடும். மின்னஞ்சலிலோ ஃபேக்ஸிலோ அனுப்பினால் மையால் கையெழுத்திட்ட அசலும் நான்கு வேலை நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டும். இதை மறந்து விண்ணப்பம் செல்லாமல் போகிறவர்கள் நிறைய.

எண் கட்டத்தில் ஓட்டுநர் உரிம எண், சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். பதிவில் எது இருந்தாலும் ஒன்று பொருந்திவிடும். விண்ணப்பத்திலும் எழுத வேண்டும், உறை மடிப்பின் அடியிலும் எழுத வேண்டும். கையெழுத்தை விண்ணப்பத்தில் எப்படிப் போட்டாரோ அப்படியே உறையிலும் போட வேண்டும். ஒன்றில் தமிழ், மற்றொன்றில் ஆங்கிலம் என்று போட்டால் ஒப்பிடும் குழு முகம் சுளிக்கும். மகன் வாசித்துக் காட்டியோ நிரப்பியோ உதவினால், உதவியாளர் பகுதியில் தன் பெயரையும் முகவரியையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். உதவுவது தப்பில்லை, உதவியதை எழுதாமல் விடக் கூடாது. ஹாரிஸில் வாக்குச்சீட்டு ஆங்கிலம், ஸ்பானிஷ், வியட்நாமியம், சீனம் ஆகியவற்றில் வரும், தமிழில் வராது. ஆனால் வாசிக்க முடியாதவர் தனக்குப் பிடித்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளக் கூட்டாட்சி வாக்குரிமைச் சட்டத்தின் 208ஆம் பிரிவு இடம் தருகிறது. முதலாளியோ தொழிற்சங்கத்தின் ஆளோ மட்டும் கூடாது.

நிரப்பிய உறையைப் பிள்ளைகள் தபாலில் போடலாம். தேர்தலுக்குப் பத்து நாள் முன்னாலேயே போட்டுவிட்டு, மாநில இணையதளத்தின் கண்காணிப்புப் பக்கத்தில் வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். குறை இருந்தால் அங்கேயே தெரியும், தேர்தலுக்குப் பின் ஆறாம் நாள் வரை திருத்தலாம். தாமதமாகிவிட்டால் தெருவோரத் தபால் பெட்டியில் போடாமல் தபால் நிலைய கவுன்டருக்கே போய்க் கையால் தேதி முத்திரை குத்தச் சொல்லுங்கள்.

அதற்கும் நேரம் இல்லையென்றால் தேர்தல் நாளில் காலை 7 முதல் இரவு 7க்குள் கவுண்டி அறிவித்த இடத்தில் அவரவரே கொடுக்க வேண்டும். அமெரிக்கப் பாஸ்போர்ட், டெக்சஸ் ஓட்டுநர் உரிமம், படமுள்ள குடியுரிமைச் சான்றிதழ் எல்லாம் செல்லும். துப்பாக்கி உரிமமும் செல்லும், கல்லூரி அட்டை செல்லாது. இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டையும் செல்லாது. 70 வயது தாண்டியவருக்குக் காலாவதியான அட்டையையும் ஏற்பார்கள், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும். அந்த இடம் 30 மைல் தள்ளி இருந்தால் அங்கே ஓடவே வேண்டாம். தபாலில் வந்த வாக்குச்சீட்டையும் உறையையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்து வாக்குச்சாவடிக்குப் போய், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மற்றவர்கள் மாதிரி இயந்திரத்தில் வாக்களிக்கலாம். இறங்கி நடக்க முடியாதவர் என்றால் அலுவலர் காருக்கே வந்து வாங்குவார். வீட்டிலேயே உறையை மறந்துவிட்டுப் போனால்தான் தற்காலிக வாக்கு என்ற தனிப் படிவத்துக்குள் மாட்டிக்கொள்வீர்கள்.